சோப்பு போட்டு ஏற்றிய வளையல்

எனக்கு மாப்பிள்ளை பார்க்க என் அப்பாவுக்கு ஒரு கோடை போதுமானதாக இருந்தது. ஆபீஸில் என்னைக் கைதூக்கிவிட ஒரு ஆள் பார்க்க என் மாமனாருக்கு பம்பாய் மழைக்காலம் முழுவதும் போதவில்லை. இத்தனைக்கும் இதில் ஜாதகம் பார்க்கிற வேலைகூடக் கிடையாது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் ஜாகை. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்த சர்டிபிகேட்டுகளை ட்ரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அவை வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. ப்ரொபேஷன்தான். வருஷக் கடைசியில் நிரந்தரம் செய்வார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மாமனார் ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இதோ பாரும்மா, பெர்மனென்ட் பண்ணினா பேஷாப் போயிண்டு வா. பண்ணலேன்னா ஆத்தோட இருந்துக்கோ. டெம்பரரி கிம்பரரின்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறதெல்லாம் நம்மாத்துக்குச் சரிப்பட்டு வராது."

எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அப்படி ஒரு வெறியாக வேண்டும். சம்பளக் கவர் பிரிக்காமல் மாமியார் கைக்குப் போயிற்று, ஆகையால் சம்பளம் காரணமில்லை. காலையில் ரயிலில் லேடீஸ் டப்பாவில் முண்டியடித்து ஏறி, வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, ஆபீஸுக்கு வந்து என் மெஷினின் உறையை எடுத்து மடித்து வைப்பேன் பாருங்கள், அந்த நிமிஷத்திலிருந்து சாயங்காலம் வரை பெருங்காய டப்பா எங்கே என்று என்னை யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் வேலை என்னைப் படுத்தி எடுத்தது. எங்கள் மானேஜர் பைப் பிடிக்கிறவர். பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடிதம் சொல்வார். ஊரில் எங்கள் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்டுகிற மாதிரி ஊட்டியவர். இவரிடம் முணுமுணுப்புதான் வந்தது. என் நோட்டில் பாதி கோடு, பாதி வெறும் காகிதம். வெறும் இடத்தை நானே கற்பனை செய்து நிரப்பி டைப் அடித்துக் கொண்டுபோனால், சிவப்புப் பென்சிலால் கோலம் போட்டுத் திருப்பி அனுப்புவார். கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். பார்சல்களில் ஒட்டுகிற விலாசச் சீட்டுகளை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மானேஜர் பேசுவது முழுவதும் புரிந்த ஒரே ஜீவன், டைப்பிங் ஹாலில் எங்கள் எல்லோருக்கும் தலைவியான மேடம்தான். பாந்த்ராவிலிருந்து வருகிற கிறிஸ்தவப் பெண்மணி. கல்யாணம் ஆகாதவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுன், காதோடு வெட்டிய முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, ரப்பர் அடி வைத்த ஷூ. வருகிற சத்தம் கேட்காது. நாம் கொட்டாவி விட்டு வாயை மூடினால் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

மானேஜர் அறை வாசலில் அவர் மேஜை. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. எப்போதாவது எங்களில் ஒருத்தியைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்து வேலை பழக்குவாராம். அதில் உட்கார்ந்த யாரையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதில்லை என்று கேள்வி. நான் சேர்ந்த நாளாக அதில் அவருடைய குடை மட்டும்தான் உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னதும் மாமனாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ரிட்டயர் ஆனபிறகு அவருக்குக் கிடைத்த முதல் ஃபைல் நான்.

"ஆபீஸ்ல தானா யாரும் மேலே வர முடியாதும்மா. ஒருத்தர் கையைப் பிடிச்சுண்டுதான் வரணும். நான் வரலையா? எங்க ஆபீஸர் ஆத்துக்கு வருஷா வருஷம் ஒரு கூடை மாம்பழம் போச்சோன்னோ?"

"போச்சு, போச்சு. நல்லது அங்கே போச்சு, அழுகினது இங்கே வந்தது" என்றார் மாமியார் சமையலறையிலிருந்து.

மாமனாருக்கு மேடத்தைவிட எங்கள் அக்கவுண்டன்ட் மேல்தான் முதலில் கண் விழுந்தது. அவர் நம்மவர், செம்பூரில் குடியிருக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் பஸ் பிடித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு செம்பூர் போய்விட்டு, முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வந்தார்.

"ரொம்ப நன்னாப் பழகினார். அவரோட மச்சினனும் எங்க அத்தானும் ஒரே ஸ்கூல்!"

"என் வேலை விஷயம், அப்பா?"

"அதெல்லாம் முதல் தடவையே கேட்கலாமோ? நாகரிகம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

மறுநாள் அக்கவுண்டன்ட் என் மேஜைக்கு வந்தார். ஊர் எது என்று கேட்டார். மாதுங்காவில் எந்தக் கடையில் காப்பிப்பொடி வாங்குகிறோம் என்று கேட்டார். போய்விட்டார். அதோடு சரி. இதை எங்கள் ஆபீஸ் பியூன் பார்த்துக்கொண்டிருந்தார். தாராவியில் குடியிருக்கிற திருநெல்வேலிக்காரர், என்னைவிட மூத்தவர். நாள் முழுவதும் இங்கிலீஷும் ஹிந்தியுமாகக் கழிகிற இடத்தில் அவரோடு பேசுகிற நாலு வார்த்தைதான் எனக்குத் தமிழ்.

"இவியளப் பிடிக்கவாம்மா இத்தனை பாடு?" என்றார். "இவியளுக்கே ஒரு புதுப் பென்சிலு வேணும்னா அந்தம்மா மேசைக்கு முன்னால போயித்தான் நிக்காவ. பிடிக்கதுன்னா அந்தம்மாவப் பிடிங்க. வேற ஆளு கெடையாது."

"அவங்களை எப்படிப் பிடிக்கறது?"

"அத என்கிட்ட கேக்கியளே! அவிய எப்பம் வந்து பின்னால நிக்காவன்னே தெரியாம நானே மூலையில போயி ஒதுங்கிக்கிடுதேன்."

ஆக மேடம்தான் என்று வீட்டில் முடிவாயிற்று. உடனே ஒத்திகை ஆரம்பமாயிற்று. மாமனார் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு மேடம் ஆனார். நான் பால்கனியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

"யெஸ்? என்ன வேணும்?"

"எனக்கு வேலை கத்துக்கொடுங்கோ, மேடம்."

"தப்பு, தப்பு! எடுத்த எடுப்புல கேட்டா மிரண்டு போயிடுவா. முதல்ல சின்னதா ஒரு சந்தேகம் கேளு. அவா பதில் சொன்னதும், அடடான்னு ஆச்சரியப்படு. மறுநாள் அதைவிடக் கொஞ்சம் பெரிய சந்தேகம். அப்படியே ஒட்டிக்கணும், தெரிஞ்சுதா?"

"அந்த மேடம் வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு, காலை ஆட்டிண்டுதான் உட்கார்ந்திருப்பாளா?" என்றார் மாமியார். "காலை இறக்குங்கோ. எனக்கே மரியாதை வரல்லே, அவளுக்கு எங்கேர்ந்து வரும்?"

என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் துணிந்து மேடத்தின் மேஜைக்குப் போனேன். ஆபீஸ் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"மேடம், கார்பன் பேப்பர் எங்கே இருக்கிறது?"

"நேற்று எங்கே இருந்ததோ அங்கே."

"அடடா!" என்றேன், மாமனார் சொல்லிக்கொடுத்தபடி.

மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். நான் திரும்பி வந்து விலாசச் சீட்டு அடித்தேன். அன்றைக்கு அடித்த சீட்டுகளில் எத்தனை பார்சல் ஊர் போய்ச் சேர்ந்ததோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்.

புரட்டாசி வந்தது. நவராத்திரிக்குப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கியது. மாமனாரின் யோசனைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. அப்போதுதான் மாமியார் தன் யோசனையைச் சொன்னார்.

"கொலுவுக்கு வரச் சொல்லுடி அவளை. நம்மாத்துச் சுண்டலைத் தின்னவா யாரும் நமக்குக் கெடுதல் நினைச்சதில்லை, ஆக்கும்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டேதான் கூப்பிட்டேன். படிப்படியாகப் பொம்மை வைத்திருக்கிறோம், பார்க்க வர வேண்டும் என்றேன்.

"வீட்டில் எத்தனை குழந்தைகள்?"

"குழந்தைகள் இல்லை, மேடம்."

"பிறகு யாருக்குப் பொம்மை?"

"என் மாமியாருக்கு."

மேடம் டைப் அடிப்பதை நிறுத்தினார். "சனிக்கிழமை அரை நாள்தானே? சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறேன்" என்றார்.

மேடம் வருகிறார் என்று தெரிந்ததும் மாமியாருக்கு ஒரே ஒரு கவலைதான். கொலுவுக்கு வருகிற பெண்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கல்யாணமானவர்களுக்கு ரவிக்கைத் துணி. கல்யாணமாகாத சிறுமிகளுக்குக் கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, கையகலக் கண்ணாடி. மேடம் எதில் சேர்த்தி?

"கல்யாணம் ஆகலேங்கறயே. அப்போ கன்யாதான்" என்று தீர்ப்பாயிற்று.

"அம்மா! அவாளுக்கு உங்க வயசுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்!"

"இருக்கட்டுமே. கன்யான்னா கன்யா. ரிப்பன் சிவப்பா, பச்சையா?"

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போறது. என் வேலையே போயிடும்."

"சிவப்பே இருக்கட்டும்" என்றார் மாமியார்.

சனிக்கிழமை சொன்னபடி மேடம் வந்தார். மாடிப்படி நெடுகிலும் கதவுகள் ஒருக்களித்தன. மாமனார் வேஷ்டிக்கு மேல் ரயில்வே காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, "குட் ஈவினிங்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனவர், கடைசிவரை உள்ளே வரவே இல்லை. இத்தனை நாள் மேடமாக நடித்தவருக்கு நிஜ மேடத்தைப் பார்த்ததும் குலை நடுங்கிவிட்டது.

மேடம் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, கொலுவுக்கு முன்னால் நின்று ஃபைல் பார்க்கிற மாதிரி படிபடியாகப் பார்த்தார். பிறகு, "இந்தக் கடைக்காரப் பொம்மை ஏன் சாமிகளைவிடப் பெரிதாக இருக்கிறது? நடுவில் வேறு வைத்திருக்கிறீர்கள். ஒழுங்காக இல்லையே" என்று சொல்லி, அதை ஓரமாக நகர்த்தக் கையை நீட்டினார்.

கொலுவில் வைத்த பொம்மையை நவராத்திரி முடியும் முன் அசைக்கக் கூடாது. மாமியார் பாய்ந்து அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கள் டைப்பிங் ஹாலே நடுங்குகிற கை அது.

"ஐயையோ, தொடப்படாது! வெச்சது வெச்சபடி இருக்கணும். இவ யாருடி நம்மாத்துக் கொலுவுல கை வெக்கறதுக்கு? சொல்லு அவகிட்ட!"

"மேடம், என் மாமியார் உங்களை உட்காரச் சொல்கிறார்" என்றேன்.

"நகர்த்தக் கூடாது என்றால் முதலிலேயே சரியாக வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்."

"அம்மா, கொலு ரொம்ப அழகா இருக்காம்."

"அவ மூஞ்சி அப்படிச் சொல்லலையே!" என்றார் மாமியார்.

"என்ன சொல்கிறார்?"

"நீங்கள் வந்ததில் ரொம்பச் சந்தோஷம் என்கிறார், மேடம்."

"அவர் முகம் அப்படிச் சொல்லவில்லையே" என்றார் மேடம்.

நல்லவேளையாகச் சுண்டல் வந்தது. மேடம் ஸ்பூனால் ஒன்று விடாமல் சாப்பிட்டார். கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்க, முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு சர்ச் பாட்டு முழுவதையும் பாடினார். மாமியார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். "ஸ்ருதி விலகல்லே பார்த்தியா? உன்னைவிடத் தேவலை" என்றார் என்னிடம். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் அந்தத் தட்டு வந்தது. ரிப்பனையும் சீப்பையும் மேடம் புருவத்தை உயர்த்திப் பார்த்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். வளையலை மட்டும் மாமியார் கையில் கொடுக்கவில்லை, தானே போட்டுவிட வேண்டும் என்றார். எல்லாம் சிறுமிகளுக்கு வாங்கிய அளவு. விரல் முழியில் போய் நின்றுகொண்டது.

"சோப்பும் தண்ணியும் கொண்டு வாடி."

மாமியார் மேடத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சோப்பு நுரை பூசி, ஒவ்வொரு வளையலாக ஏற்றினார். "விரலைக் குவிச்சுக்கோ. இன்னும் சித்த. அவ்வளவுதான், அவ்வளவுதான், குழந்தே."

"இப்போது என்னை ஏதோ சொன்னாரே, என்ன அது?" என்று மேடம் கேட்டார்.

"குழந்தை என்றார், மேடம்." அன்றைக்கு நான் முதல்முதலாக உள்ளபடி மொழிபெயர்த்தது அதைத்தான்.

மேடம் மற்ற கையையும் தானே நீட்டினார்.

"உடைக்கப்படாதுன்னு சொல்லு. தானா உடைஞ்சா உடையட்டும். நாமளா உடைக்கக் கூடாது" என்றார் மாமியார். அதையும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் டைப்பிங் ஹாலில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. கலகலகல என்று ஒரு சத்தம் வராந்தாவில் கேட்டது. கவுன், ரப்பர் ஷூ, மூக்கு நுனிக் கண்ணாடி, இரண்டு கை நிறையப் பச்சை வளையலோடு மேடம் வந்துகொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். நான் மெஷினுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். என் கதை முடிந்தது, நாளைக்கு இட்லிக்கு அரைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பியூன் ஒரு ஃபைலைக் கொடுக்கிற சாக்கில் என்னிடம் குனிந்தார். "என்னம்மா செஞ்சு வச்சிருக்கிய? அவிய வாரது இப்பம் படியிலயே கேக்குது. நீங்க நல்லாருக்கணும்."

சற்று நேரத்தில் மானேஜர் அறையிலிருந்து மேடம் வெளியே வந்தார். நாற்காலியிலிருந்த குடையை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். என்னைப் பார்த்து விரலை அசைத்தார்.

"சார் கடிதம் சொல்லும்போது இந்த வளையல் கூடவே பேசுகிறது. அவருக்குக் கோர்வை விட்டுப்போகிறதாம். உன் மாமியார் உடைக்கக் கூடாது என்றிருக்கிறார். ஆகவே இது தானாக உடைகிறவரை உள்ளே நீதான் போக வேண்டும்."

உன் கையில் வளையல் இல்லையா என்று கேட்பீர்கள். டைப் அடிக்கத் தோதாக நான் கைக்கு ஒற்றைத் தங்க வளையல்தான் போட்டுக்கொள்வேன். ஒற்றை வளையலுக்குப் பேசத் தெரியாது.

முதல் நாள் வழக்கம்போல நோட்டில் பாதி வெறுமையாகத்தான் வெளியே வந்தேன். மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"எந்த இடத்தில் உனக்குக் கேட்கவில்லை? அவர் முணுமுணுத்த இடத்திலா?"

"ஆமாம், மேடம்."

"அவர் முணுமுணுப்பதெல்லாம் தினமும் சொல்கிற பழைய வாக்கியம். மொத்தமே கொஞ்சம்தான் இருக்கும். புதிதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிடுவார். எடுத்த பிறகு வருவதை மட்டும் நீ பிடித்தால் போதும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் காலையில் மாமியார் ஸ்லோகம் சொல்வது இதே மாதிரிதான். ஸ்லோகம் முணுமுணு என்று போகும். நடுவில் "பால் பொங்கறதுடி!" மட்டும் கணீர் என்று வரும். ஸ்லோகத்தை யார் கேட்கிறார்கள், பாலைத்தான் கவனிக்க வேண்டும். பழைய கடித நகல்களை எடுத்துவைத்துக்கொண்டு மானேஜரின் ஸ்லோகத்தை மனப்பாடம் செய்தேன். சிவப்புப் பென்சில் கோலம் சிறுத்துக்கொண்டே வந்து, பிறகு புள்ளி மட்டும் மிஞ்சியது.

இன்னொரு நாள், சரக்கு தாமதமாக அனுப்பிய ஒரு வியாபாரிக்கு மானேஜர் காய்ச்சி எடுத்து ஒரு கடிதம் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் பிடித்து, அப்படியே டைப் அடித்துப் பெருமையோடு மேடத்திடம் நீட்டினேன்.

"இதைச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கொண்டு போ. போகும்போது, பதமாக எழுதிய இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டு போ."

"அவர் சொல்லாததை நான் எப்படி எழுதுவது, மேடம்?"

"ஏன், உன் வீட்டுக் கொலுவில் எப்படிச் செய்தாய்? எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மணிக்கட்டைப் பிடித்த பிடியிலேயே உன் மாமியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நின்று, இரண்டு பேரும் சேர்ந்து சுண்டல் சாப்பிடும்படி செய்தாய். ஷார்ட்ஹேண்ட் கழுதைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். இது சொல்லிக்கொடுத்து வராது."

மானேஜர் இரண்டு கடிதங்களையும் படித்தார். பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே பதமானதில் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் என் நிம்மதி முழுவதும் அந்த வளையல்களில் இருந்தது. உடைந்தால் மேடம் உள்ளே போவார், குடை நாற்காலிக்கு வரும், நான் விலாசச் சீட்டுக்குப் போவேன். காலையில் கலகல சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். மேடம் அலமாரிப் பக்கம் போனால் நான் முந்திப் போய்க் கதவைத் திறந்துவிடுவேன். கனமான ஃபைல் எதையும் அவர் கைக்குப் போக விடமாட்டேன். பியூன்கூட, "அம்மா, கொடுங்க, கொடுங்க, கையி பத்திரம்" என்று பாய்ந்து வருவார். மேடம் எங்களை விநோதமாகப் பார்ப்பார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "உடையலையே?" என்று மாமியார் கேட்பார். "உடையலேம்மா" என்றால்தான் காப்பி வரும். மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்து வளையலுக்கு எந்த நாள் கண்டம் என்று சொல்ல ஆரம்பித்தார். "கண்ணாடி வளையலுக்கு என்ன ராசின்னு பார்க்கறேள்?" என்று மாமியார் கேட்டதும் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

வருஷம் முடிகிற சமயத்தில் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அப்படியென்றால் புதிதாக ஏதோ சொல்லப்போகிறார். என்னை நிரந்தரம் செய்துவிட்டார்கள் என்றார்.

அன்று ராத்திரி மாமியார் திரட்டுப்பால் கிளறினார். மாமனார் ஈஸிசேரில் காலை ஆட்டிக்கொண்டு, "நான் சொன்னேனோல்லியோ, சின்ன சந்தேகமா ஆரம்பிக்கணும்னு" என்றார். மறுநாள் திரட்டுப்பால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் மேடத்தின் மேஜைக்கு ஓடினேன்.

மேஜைமேல் இருந்த இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"ஐயோ! உடைஞ்சுடுத்தா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். பச்சை வளையல்கள் எல்லாம் முழுசாக இருந்தன.

"ஒன்றுகூட உடையவில்லை. உன் மாமியாரிடம் சொல்."

"எப்படிக் கழற்றினீர்கள், மேடம்? கழற்ற முடியாது என்றுதானே..."

"அப்படி நான் எப்போது சொன்னேன்? சோப்பு போட்டால் ஏறுகிறது, சோப்பு போட்டால் இறங்காதா? ராத்திரி வளையலோடு யாரால் தூங்க முடியும்?"

எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. "அப்படியானால் தினமும் காலையில்...?"

"டப்பாவில் என்ன?" என்றார் மேடம்.

தினமும் ராத்திரி பாந்த்ராவில் கழற்றி வைத்துவிட்டு, தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன், அந்த மனுஷி சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு, கை சிவக்கச் சிவக்க, ஒரு சிறுமியின் வளையல்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் உள்ளே போக வேண்டும் என்பதற்காக. அங்கேயே, மேஜைக்கு முன்னால் நின்று, ஹாலில் எல்லோரும் பார்க்க நான் அழுதேன். மேடம் திரட்டுப்பாலை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, "அழுதது போதும். உள்ளே பெல் அடிக்கிறார்" என்றார்.

வீட்டில் சொன்னபோது மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பாவி, தினமுமா? என்கிட்டச் சொல்லியிருந்தா பெரிய அளவாப் போட்டிருப்பேனே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றார். அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

அடுத்த நவராத்திரிக்கு வளையல் வாங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஃபேன்ஸி கடைக்குப் போனபோது மாமியார் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரனிடம் பெரிய அளவாக எடுத்துக் காட்டச் சொன்னார். மேடத்தின் கை எவ்வளவு என்று விரலைக் குவித்துக் காட்டினார்.

எங்கள் ஹாலில் அந்த மாதம் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள். மானேஜர் பேசுவது ஒன்றும் புரியாமல், மூலையில் உட்கார்ந்து விலாசச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பற்றி மாமியாரிடம் சொன்னேன். "மேடத்துக்குச் சின்ன அளவே இருக்கட்டும்மா" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். பெரிய வளையல்களைக் கடைக்காரன் பக்கமே தள்ளிவிட்டு, தன் மாதுங்கா ஹிந்தியில், "சோட்டா வாலா தேவ்" என்று சின்ன அளவையே கேட்டார். அவன் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் ஒன்று வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டு, "அவுர் ஏக் சோப்பு பி" என்றார்.